பிள்ளை கேட்கும் செவ்வாய்

பெங்களூர் அல்சூரில் எங்கள் சந்து முனையில் ஓர் அந்தோணியார் கெபி இருக்கிறது, குகை மாதிரி மாடத்துக்குள் அவர் சிலை. ஆற்காட்டுப் பக்கமிருந்து கன்டோன்மென்ட் வேலைக்கு வந்த சில குடும்பங்கள் சேர்ந்து கட்டியது. அதன் சாவி என் தகப்பனாரிடம் இருந்தது, இப்போது என்னிடம் இருக்கிறது. கோயில் என்று சொல்லுமளவுக்குப் பெரிய இடமில்லை. மழை வந்தால் தார்ப்பாய் கட்டித்தான் ஜெபம் நடக்கும். ஆனாலும் அங்கே ஒரு முறை உண்டு, அதில் நாங்கள் ஓர் எழுத்தைக்கூட மாற்றியதில்லை.

வயிற்றில் தங்குமோ தங்காதோ என்று பயந்த பிள்ளையை அந்தோணியாருக்கு நேர்ந்துகொள்வோம். அது நல்லபடியாகப் பிறந்து, தாயும் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கெபிக்குக் கொண்டுவந்து ஜெபம் நடத்தும் உபதேசியார் கையில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு அது வீட்டுப் பிள்ளை இல்லை. உபதேசியார் அதைத் தூக்கிப் பிடித்து, "இந்தப் பிள்ளை யாருக்கு வேணும்?" என்று மூன்று முறை கேட்பார். பெற்றவள் ஒரு தட்டு நிறைய உப்போடு எதிரில் நிற்பாள். "எனக்கு வேணும்" என்று சொல்லி, உப்பை அந்தோணியார் காலடியில் கொட்டிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். கேட்கிற உரிமை உப்புத் தட்டை ஏந்தியவளுக்கு மட்டும்தான். தகப்பன்கூட வாய் திறக்கக் கூடாது.

வழக்கமாக உபதேசியார் முதல் முறை கேட்டு முடிப்பதற்குள்ளேயே பெற்றவள் கத்திவிடுவாள். சுற்றி நிற்கிற பெண்கள், "ஏன்டி, உபதேசியாரே தூக்கிட்டுப் போயிடுவாரா?" என்று கேலி செய்வார்கள். இரண்டாம் முறை கேட்கும்படி யாரும் விட்டதில்லை.

என் மருமகள் பிரிஸில்லாவின் நாலாவது பிள்ளையை நேர்ந்துகொண்டது நான்தான். ஐந்தாவது மாதத்தில் அவளுக்கு உதிரம் பட்டது. படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எந்தத் தாய் படுத்தே இருக்க முடியும்? நான் கெபிக்குப் போய் முழங்காலில் நின்றேன். பிள்ளை தங்கியது. ஆண் பிள்ளை. எங்கள் குடும்பத்தின் காது அவனுக்கு, மேல்மடல் கொஞ்சம் மடிந்திருக்கும்.

வீடு என் தகப்பனார் கட்டியது. இரண்டு அறை, ஒரு ஹால். என் மனைவி காலமான பிறகு ஹாலில் ஒரு கட்டில் போட்டுக்கொண்டு நான் படுக்கிறேன். என் ஒரே மகன் அமல் ஹெப்பகோடியில் வண்டி உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். கம்பெனி பஸ் பிடித்துப் போய்வருவதிலேயே பாதி நாள் போய்விடும். ஆள் குறைந்தால் அடுத்த ஷிப்டும் சேர்த்துப் பார்த்துவிட்டு வருவான். வீட்டில் இருக்கும்போது தூங்குவான். அவன் தூங்கும்போது பிள்ளைகள் சத்தம் போடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறோம். பெரியவன் க்ளென் இரண்டாம் வகுப்பு, அவனுக்கு அடுத்த நிக்கோல் யூகேஜி. மூன்றாவது கிஷோருக்கு இன்னும் பேச்சே திருந்தவில்லை. இவர்களிடம் சத்தம் போடாதே என்பது காற்றிடம் சொல்வது போல.

நான் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவன் இல்லை. அரசாங்கத் தொழிற்சாலையில் ஆபீஸ் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவன். தண்ணீர் வரும் நாளில் விடியுமுன் எழுந்து தொட்டியை நிரப்புவது, பெரிய இரண்டு பேருக்கும் ஷூ பாலிஷ் போடுவது, ஸ்கூல் ஆட்டோவில் ஏற்றிவிடுவது எல்லாம் என் பொறுப்பு. என் பேரப்பிள்ளைகள் கசங்கிய சட்டையோடு தெருவில் இறங்கியதில்லை. மற்றது எல்லாம் பிரிஸில்லா. ஒருத்திக்கு இட்லி, ஒருவனுக்கு இட்லி ஆகாது. ஒருவனுக்குச் சளி வந்தால் அது வரிசையாக எல்லோரையும் சுற்றிவிட்டு மறுபடியும் முதலாமவனிடம் வந்து நிற்கும். இந்த வருடம் மழை விடவே இல்லை. கைக்குழந்தையின் துணிகள் காயாமல் ஹாலில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டித் தொங்கின. யாராவது வந்தால் ஈரத் துணியைக் கையால் ஒதுக்கிக்கொண்டுதான் நாற்காலிக்கு வர வேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வேறு இடமும் இல்லை.

பிரிஸில்லா வாயாடிப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில் என்னையே கிண்டல் செய்வாள். கோயில் பாடகர் குழுவில் அவள் குரல் தனியாகக் கேட்கும். நாலாவது பிள்ளைக்குப் பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. வேலை எதுவும் நிற்கவில்லை. சமைத்தாள், துவைத்தாள், நிக்கோலுக்கு இரட்டைப் பின்னல் போட்டாள், கிஷோரைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். கைக்குழந்தை அழுதால் எடுத்துப் பால் கொடுத்தாள், ஏப்பம் விட வைத்தாள், கிடத்தினாள். அவ்வளவுதான். அவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. தாய் இல்லாத பெண் அவள், உடம்பு தேற நாளாகும் என்று நினைத்தேன். கிளினிக்கில் காட்டினோம், ரத்தம் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். அதையும் வேளை தவறாமல் குடித்தாள்.

ஒரு மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குழந்தை உள்ளே அழுதது. அவள் ரசக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். போய் எடும்மா என்றேன். அவள் நகரவில்லை.

"மாமா, கிஷோர் அழுதா எனக்குக் கோவம் வரும். க்ளென் அழுதா பாவமா இருக்கும். இவன் அழுதா ஒண்ணுமே வரல மாமா. அடுத்த வீட்டுப் புள்ள அழற மாதிரி இருக்கு."

"அப்படியெல்லாம் பேசக் கூடாதும்மா."

"யார்கிட்டயும் பேசல. உங்ககிட்டதான் சொல்றேன்."

நேர்ச்சை பாக்கி இருக்கிறது, அதனால் மனசு அப்படி இருக்கும், அதை முடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொன்னேன். நான் நம்பியதைத்தான் சொன்னேன். அவள் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

என் தம்பி மகள் அல்போன்சாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தம்பி சிறு வயதிலேயே போய்விட்டான். அவளைப் படிக்க வைத்துக் கல்யாணம் செய்து கொடுத்தது நான். அவள் கணவன் டெஸ்மண்ட், அமல் வேலை செய்யும் கம்பெனியிலேயே சூப்பர்வைசர். ஹெப்பகோடியில் குடியிருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். குழந்தை இல்லை. பார்க்காத வைத்தியமும் இல்லை. இரண்டு ஷிப்ட் பார்த்த நாட்களில் அமல் அவர்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். அங்கே சாப்பாட்டுக்கு நடுவில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து புருஷனும் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். ஈரத் துணிகளுக்கு அடியில் உட்கார்ந்தார்கள். அல்போன்சா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தலை நிமிராமல் இருந்தாள். டெஸ்மண்ட்தான் ஆரம்பித்தான்.

"மாமா, சும்னே கேக்கல. நல்லா யோசிச்சுதான் கேக்கறோம். சின்னவனை நாங்க வளக்கறோம். வேற எங்கயும் இல்ல, உங்க தம்பி வீடுதான். நெனச்சப்ப வந்து பாக்கலாம்."

அமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னமே தெரியும் என்று அந்த முதுகே சொன்னது.

நான் குரலை உயர்த்தவில்லை. எங்கள் குடும்பத்தில் பஞ்ச காலத்தில்கூடப் பிள்ளையை இன்னொரு வாசலுக்கு அனுப்பியதில்லை என்று சொன்னேன். என் தகப்பனாருக்கு நாங்கள் ஒன்பது பேர். ஒரே பாயில் படுத்தோம், ஒரே சட்டியில் தின்றோம், யாரும் யாரையும் தூக்கிக் கொடுக்கவில்லை. ஊர் என்ன சொல்லும்? சூப்பரின்டென்டென்ட் யூஜின் மகன் பெற்றுப்போட்டுவிட்டுச் சோறு போட முடியாமல் கொடுத்துவிட்டான் என்று சொல்லும்.

"ஊரா வந்து துணி துவைக்குது, பெரியப்பா?" என்றாள் அல்போன்சா. அவள் என்னிடம் எதிர்த்துப் பேசியது அன்று ஒரு தடவைதான். உடனே மன்னிப்பும் கேட்டாள். வேண்டுமானால் தான் சில மாதம் இங்கேயே வந்து தங்கி உதவி செய்வதாகச் சொன்னாள். அதற்கும் நான் சம்மதிக்கவில்லை. கைமாறிப் பழகிய பிள்ளை கைமாறியே போய்விடும். பிரிஸில்லா காபி கொண்டுவந்து வைத்தாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. போகும்போது அல்போன்சா குழந்தையை அவள் கையில் கொடுத்தாள். பிரிஸில்லா வாங்கி, நேராகத் தொட்டிலில் போட்டாள்.

இந்த மாதிரிப் பேச்சு சுவருக்குள் நிற்பதில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை கெபியில் மாவு மில்காரர் மனைவி என்னிடமே வந்து கேட்டாள்.

"என்ன சார், உங்க நாலாவது ஹெப்பகோடிக்குப் போறானாமே? பரவால்ல, நல்ல காத்து, நல்ல வீடு."

அன்றே முடிவு செய்தேன். நேர்ச்சையை நிறைவேற்றிவிடலாம். பெற்றவள் எல்லோர் முன்னிலையிலும் உப்புத் தட்டோடு நின்று எனக்கு வேணும் என்று சொல்லட்டும். அதன் பிறகு யார் என்ன பேச முடியும்? அமலிடம் சொன்னேன். அவன் ஷிப்ட் முடிந்து வந்து தரையில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"டாடி, இப்ப வேணாம். அவ சரியா இல்ல. வீட்லயே ஒரு ஜெபம் பண்ணி முடிச்சுக்கலாம்."

"நேர்ந்தது கெபியில. முடிக்கறதும் கெபியிலதான்."

"அவளை ஒரு வார்த்தை கேளுங்க."

"தன் பிள்ளையை வாங்கிக்கறதுக்கு என்னடா கேள்வி?"

அவன் சாக்ஸைக் கையில் சுருட்டிக்கொண்டு எழுந்து போனான். சண்டை போடுகிற பையன் இல்லை அவன். சண்டை போட அவனிடம் தெம்பும் இல்லை.

சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லி அனுப்பினேன். அல்போன்சாவுக்கும் சொன்னேன். மறைத்துச் செய்கிற காரியம் இல்லையே. அவர்களும் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளட்டும் என்றுதான் சொன்னேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாரல் விடாமல் விழுந்தது. தார்ப்பாய் ஒரு பக்கம் தொய்ந்து, நடுநடுவே குடம் கவிழ்த்த மாதிரித் தண்ணீர் கொட்டியது. சந்துக்காரர்கள், உறவுக்காரர்கள் என்று இடம் கொள்ளாமல் நின்றார்கள். க்ளென், நிக்கோல், கிஷோர் மூவருக்கும் நானே தலை வாரிவிட்டேன். பேசாமல் நிற்க வேண்டும், அம்மாதான் பேசுவாள் என்று சொல்லி வைத்தேன். பிரிஸில்லா நல்ல புடவை கட்டியிருந்தாள். உப்புத் தட்டை என் கையாலேயே நிரப்பி அவளிடம் கொடுத்தேன்.

ஜெபமாலை முடிந்தது. அமல் குழந்தையை உபதேசியார் ராஜேந்திரனிடம் கொடுத்தான். அவர் நல்ல குரல்காரர். குழந்தையை இரண்டு கையாலும் உயர்த்தி முதல் முறை கேட்டார்.

"இந்தப் பிள்ளை யாருக்கு வேணும்?"

பெண்கள் கேலி செய்யத் தயாராக இருந்தார்கள். பிரிஸில்லா பேசவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டு யாரோ சிரித்தார்கள். அவள் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் மார்க்கெட்டில் வாங்காத சாமானைப் பார்க்கிற பார்வை அது.

உபதேசியார் இரண்டாம் முறை கேட்டார். அந்தக் கேள்வியை இரண்டாம் முறை நான் என் வாழ்நாளில் அன்றுதான் கேட்டேன். சிரிப்பு நின்றது. அமல், "ப்ரிஸி" என்றான் மெதுவாக. நான் அவள் பின்னாலேயே நின்றேன். "சொல்லும்மா" என்றேன்.

"வரல மாமா."

எனக்கு மட்டும்தான் கேட்டது. என்ன வரவில்லை என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் முறை கேட்கும்போது உபதேசியாரின் குரலே இறங்கிவிட்டது. குழந்தை அழத் தொடங்கியது. அப்போது க்ளென் என் கையை உதறிவிட்டு முன்னால் போனான். நான் பிடிப்பதற்குள் கத்திவிட்டான்.

"எனக்கு வேணும்! அங்கிள், எனக்கு வேணும்!"

உபதேசியார் என்னைப் பார்த்தார். கெபியின் பொறுப்பு என்னுடையது. முறை என்ன என்று சொல்ல வேண்டியவன் நான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தாய் வேண்டாம் என்று நின்ற பிள்ளையை ஏழு வயதுப் பையன் கேட்டு வாங்கினான் என்ற பேச்சு இந்தச் சந்தில் தலைமுறைக்கும் நிற்கும். கையில் உப்பும் இல்லை அவனுக்கு. நான் தலையை அசைத்தேன், கூடாது என்று. உபதேசியார் குனிந்து, "நீ கேக்க முடியாது ராஜா" என்றார். க்ளென் தன் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தான்.

"அம்மா, சொல்லும்மா. சும்மா சொல்லும்மா."

பிரிஸில்லா அசைந்தாள். சொல்லத்தான் போகிறாள் என்று எல்லோருக்கும் மூச்சு வந்தது. அவள் திரும்பி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். தார்ப்பாய்க்கு வெளியே டெஸ்மண்டின் குடைக்கடியில் அல்போன்சா நின்றிருந்தாள். பிரிஸில்லா உப்புத் தட்டை அவள் கையில் வைத்தாள். ஒரு வேலையை முடித்துவிட்டவள் போலக் கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க கேளுங்க அக்கா. உங்களுக்கு வரும்."

அல்போன்சா அழுதாள். மழை நீரும் உப்பில் விழுந்தது. அவள் முன்னால் வரும்போது வழிவிட்டவர்கள் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். நான் தடுத்திருக்கலாம். ஆனால் அந்தோணியார் முன்னால் உப்புத் தட்டு கைமாறிவிட்டது. தட்டு யார் கையிலோ பிள்ளை அவளுக்கு என்று என் தகப்பனாரும் சொன்னார், நானும் சொல்லி வந்திருக்கிறேன். என் வீட்டுக்கு ஒரு முறை, ஊருக்கு ஒரு முறை என்று நான் வைத்துக்கொண்டதில்லை.

"எனக்கு வேணும்" என்றாள் அல்போன்சா.

உபதேசியார் இன்னும் கொடுக்காமல் நின்றார். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"குடுங்க உபதேசியாரே. எங்க வீட்டுப் பிள்ளை எங்க தம்பி வீட்டுக்குத்தான் போகுது. இது நாங்க பேசி வச்சதுதான்."

கூட்டம் மூச்சு விட்டது. பெரிய மனசு, பெரிய குடும்பம் என்றார்கள். மாவு மில்காரர் மனைவி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அல்போன்சா உப்பைக் கொட்டினாள். குழந்தையை வாங்கினாள். நான் அமலைப் பார்த்தேன். அவன் கிஷோரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏற்கெனவே வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான்.

பேசி வச்சது என்று நான் சொன்ன பிறகு அதைத் திருப்பிக் கேட்க வழியில்லை. ஒரு வாரம் கழித்து அமல் என்னிடம் வந்தான். அவர்களே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், ஒரு வார்த்தை கேட்டால் போதும், டெஸ்மண்டே சொன்னான் என்றான். கேட்கட்டுமா என்று அவன் என்னிடம் கேட்டபோது பிரிஸில்லா அங்கேதான் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடியும் தண்ணீர் ஊற்றினாள். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அமல் அதன் பிறகு ஹெப்பகோடியில் அவர்கள் வீட்டில் சாப்பிடுவதை விட்டுவிட்டான். கேன்டீனில் ஏதோ தின்றுவிட்டு வருகிறான். இப்போதெல்லாம் அவன் தூங்கும்போது வீட்டில் நிஜமாகவே சத்தமில்லை. க்ளென் என்னோடு பேசுவதில்லை. ஷூவுக்கு அவனே பாலிஷ் போட்டுக்கொள்கிறான், சாக்ஸிலும் பூசிக்கொள்கிறான்.

பாரம் குறைந்தால் பிரிஸில்லா தேறிவிடுவாள் என்று டெஸ்மண்ட் சொல்லியிருந்தான். நேர்ச்சை முடிந்தால் தேறிவிடுவாள் என்று நான் சொல்லியிருந்தேன். அவள் தேறவில்லை. முன்பு ஒரு பிள்ளையிடம் மட்டும் அவள் காட்டிய அந்த அமைதி இப்போது மற்ற மூன்றிடமும் வந்துவிட்டது. நிக்கோல் கீழே விழுந்து முட்டியில் ரத்தத்தோடு வந்தாள். பிரிஸில்லா கழுவினாள், மருந்து போட்டாள், பிளாஸ்டர் ஒட்டினாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. நிக்கோல்தான், அழுதால் ஏதாவது கிடைக்குமென்று பார்த்துப் பார்த்து, கடைசியில் தானே நிறுத்திக்கொண்டாள்.

போன வாரம் மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கன்னடக்கார அம்மாள் அறிமுகப்படுத்திக்கொள்ள வந்தாள். ஹாலில் கயிறுகள் இல்லை, நாற்காலியில் வசதியாக உட்கார்ந்தாள். பிரிஸில்லா காபி கொண்டுவந்தாள். அந்த அம்மாள் பிள்ளைகளைப் பார்த்து, முத்து மாதிரிப் பிள்ளைகள் என்று மெச்சினாள். நிங்களுக்கு எஷ்டு ஜனம் பிள்ளைங்க அம்மா என்று பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாக, எத்தனை பிள்ளைகள் என்று பிரிஸில்லாவைக் கேட்டாள்.

பிரிஸில்லா டம்ளரைப் பிடித்தபடி நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். பதில் தெரியாத பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பது போல இல்லை அந்தப் பார்வை. நான் என்ன சொல்கிறேனோ அதுவே இருக்கட்டும் என்கிற மாதிரி இருந்தது.

"மூணு பேர்" என்றேன் நான்.

அவள் டம்ளரை அந்த அம்மாள் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.